பெருக்கியும் ஸ்பீக்கரும்: பொருத்தம் பார்ப்பது எப்படி?



2025ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவன்று இரவு நம் சங்க அறையில் திரைப்படம் காட்டினோம். வந்திருந்தவர்களுக்கு அன்று நடந்தது நினைவிருக்கும். படம் பாதி ஓடியபோது 'டக்' என்ற ஓசையுடன் ஒலி நின்றது. கால் மணி நேரம் கழித்து மீண்டும் வந்தது. வந்த ஒலியும் சிறிது நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கிற்று. கதாநாயகி "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டது நம் காதில் "ஆப்பிட்டீர்களா?" என்று விழுந்தது. அறை முழுதும் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏனெனில், அன்று ஒலிக்குப் பொறுப்பாளன் நான்.

இயற்பியலில் முதுநிலை படிப்பவன் என்பதால் அப்பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. ரிசீவர் சங்கத்தின் சொத்து; ஸ்பீக்கர்களோ இரவல். கரோல்பாக்கில் வாழும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர், நம் விழாக்களுக்குத் தவறாது வருபவர், பல ஆண்டுகள் மிச்சம் பிடித்து வாங்கிய தம் வீட்டு ஸ்பீக்கர்களை நம்மை நம்பிக் கொடுத்தார். மறுநாள் காலையில் அவற்றைத் திருப்பிக் கொண்டு சென்றேன். ஒரு பாட்டை வைத்துக் கேட்டார். அரை நிமிடத்தில் நிறுத்தினார்.

"தம்பி, எந்தப் பெட்டியிலே மாட்டினீங்க?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரி, போகட்டும். ஏன் இப்படி ஆச்சுன்னு கண்டுபிடிச்சு எழுதி வையுங்க. நாளைக்கு இன்னொரு பையன் இதைச் செய்யாம இருப்பான்" என்றார்.

இக்கட்டுரை அக்கடனின் முதல் தவணை. இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. நம் உறுப்பினர் 140 பேர் தலைக்கு 300 ரூபாய் தந்ததில் 42,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. 'ஆயிரம் வாட்' பெருக்கி ஒன்று வாங்கிவிட்டால் குறையெல்லாம் தீர்ந்துவிடும் என்று நண்பர் பலர் கருதுகின்றனர். அது தவறு என்பது என் துணிபு. செயற்குழு முடிவு செய்யுமுன் எல்லோரும் கணக்கைப் பார்த்துவிடுவது நலம்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஒலிபெருக்கி' என்னும் சொல்லை நம்மவர் ஆம்ப்ளிபயருக்கும் வழங்குகின்றனர், ஸ்பீக்கருக்கும் வழங்குகின்றனர். குழப்பம் வாராதிருக்க, ஆம்ப்ளிபயரைப் 'பெருக்கி' என்றும், ஸ்பீக்கரை ஸ்பீக்கர் என்றுமே எழுதுகிறேன். வீட்டுத் திரையரங்கில் 'ரிசீவர்' எனப்படுவது ஐந்து அல்லது ஏழு பெருக்கிகளையும், படத்தின் ஒலியைப் பிரித்துத் தரும் சுற்றுகளையும் ஒரே பெட்டியில் அடக்கியது.

அன்று நான் செய்த இரண்டு பிழைகள்

கூட்டம் மிகுதியாக இருந்தது. பின்வரிசையில் ஒலி போதவில்லை. அறையின் மூலையில் கிடந்த பழைய ஸ்பீக்கர் இரண்டை எடுத்து, முன்புற ஸ்பீக்கர்களோடு பக்க இணைப்பாகச் சேர்த்தேன். ஐந்து நிமிடத்தில் ரிசீவர் நின்றது. இது முதற் பிழை.

"ரிசீவருக்கு வலு போதவில்லை" என்று தீர்ப்புச் சொல்லி, விடுதித் தோழர் ஒருவரிடமிருந்து சிறிய பெருக்கிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அதன் முகப்பில் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. சேர்த்த ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பெரியவரின் முன்புற ஸ்பீக்கர் இரண்டையும் அதில் மாட்டினேன். ஒலித் திருகை முழுவதும் திருப்பினேன். 'டிரெபிள்' திருகையும் அவ்வாறே செய்தேன். இருபது நிமிடத்தில் 'சாப்பிட்டீர்களா' 'ஆப்பிட்டீர்களா' ஆயிற்று. இது இரண்டாம் பிழை.

பின்னர் அச்சிறு பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தேன். அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரின்மேல் '24 வோல்ட், 5 ஆம்பியர்' என்று எழுதியிருந்தது. பெருக்கினால் 120 வாட். உள்ளே 120 வாட் மட்டும் புகும் பெட்டியிலிருந்து 5000 வாட் வெளியே வருமா? ஆற்றல் அழிவின்மை விதியைப் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். ஆயினும் பொன்னெழுத்தைக் கண்டதும் அதை மறந்துவிடுகிறோம். 24 வோல்ட்டைக் கொண்டு 6 ஓம் ஸ்பீக்கருக்குத் திரிபின்றித் தரக்கூடியது மிகுதியாகப் போனால் 48 வாட். பெரியவரின் ஸ்பீக்கரின் பின்புறத்திலோ '100 வாட்' என்று எழுதியிருந்தது.

ஐம்பது வாட்கூட இல்லாத பெட்டி, நூறு வாட் தாங்கும் ஸ்பீக்கரை எரித்தது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தெரிந்தால் பொருத்தம் பார்க்கும் கலையில் பெரும்பகுதி தெரிந்துவிடும். படிப்படியாகச் செல்வோம்.

முதற் பொருத்தம்: ஓம்

ஸ்பீக்கரின் உள்ளே காந்தப் புலத்தில் ஒரு சிறு கம்பிச்சுருள் தொங்குகிறது. அதனோடு கூம்பு ஒட்டியிருக்கிறது. சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாய, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925இல் வெளியிட்ட இவ்வமைப்பே, நூறாண்டு கடந்தும், இன்றைய ஸ்பீக்கர்களில் மிகப் பலவற்றின் உயிர்நிலை.

அச்சுருள் மாறுமின்னோட்டத்திற்குக் காட்டும் எதிர்ப்பு 'மின்மறுப்பு' எனப்படும். அதன் அலகு ஓம். ஸ்பீக்கரின் பின்புறத்தில் 4, 6, 8 என்று காணும் எண் இதுவே. இவ்வெண் நிலையானதன்று, அதிர்வெண்ணுக்குத் தக்கபடி ஏறி இறங்கும். எழுதியுள்ள மதிப்பில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கலாகாது என்பது உலகத் தர விதி. ஆகவே '8 ஓம்' ஸ்பீக்கர் 6.4 ஓம் வரையிலும், '6 ஓம்' ஸ்பீக்கர் 4.8 ஓம் வரையிலும் இறங்கக்கூடும்.

இங்கேதான் நான் படித்த படிப்பு என்னை ஏமாற்றியது. 'மூலத்தின் அகத்தடையும் சுமையின் தடையும் சமமாயிருக்கும்போது சுமைக்குப் பெருமத் திறன் கிட்டும்' என்னும் தேற்றத்தைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். 'பொருத்தம்' என்றால் 'சமம்' என்றே மனத்தில் பதிந்திருந்தது. வால்வுகள் வழங்கிய காலத்தில் அதுவே நடைமுறையுங்கூட. அக்காலப் பெருக்கிகளின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனைகள் இருக்கும். வெளியீட்டு மின்மாற்றியின் எந்த முனையில் எந்த ஸ்பீக்கர் என்று பார்த்து இணைப்பார்கள். இன்றைய டிரான்சிஸ்டர் பெருக்கி வேறு வகை. அதன் அகத்தடை பெரும்பாலும் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குச் சமமான சுமையைத் தேடி மாட்டினால், அது ஏறத்தாழக் குறுக்குச் சுற்று ஆகும்!

இன்றைய பெருக்கி, சுமை எதுவாயினும் குறித்த மின்னழுத்தத்தைத் தர முயலும் மூலம். சுமையின் ஓம் குறையக் குறைய மின்னோட்டம் கூடும், டிரான்சிஸ்டர்கள் சூடேறும். ஆகவே இங்கே பொருத்தம் என்பது சமம் அன்று, வரம்பு. 'இதற்குக் கீழே போகாதே' என்று பெருக்கி எல்லை வகுக்கிறது. ஸ்பீக்கர் அவ்வெல்லைக்கு மேலே நிற்க வேண்டும்.

நம் ரிசீவரின் பின்புறத்தில் '6 முதல் 16 ஓம் வரை' என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. நான் 6 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 6 ஓம் ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் சேர்த்தேன். மொத்தம் 3 ஓம். சில அதிர்வெண்களில் 2.4 ஓம் வரை இறங்கியிருக்கும். எல்லையைப் போல் இரு மடங்கு மின்னோட்டம்! ரிசீவரின் காப்புச் சுற்று தன் கடமையைச் செய்து நிறுத்திவிட்டது. 'வலுவற்றது' என்று நான் பழித்த ரிசீவர் உண்மையில் அறிவுள்ளது, அறிவற்றவன் மாட்டியவன்.

ஆகவே முதல் விதி: ஒரு முனைக்கு ஒரு ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் ஓம், ரிசீவர் குறிக்கும் கீழெல்லைக்குக் குறையலாகாது.

இரண்டாம் பொருத்தம்: டெசிபெல்

எங்களூர் தென்காசிப் பக்கம். கோயில் கொடையானாலும் கலியாணமானாலும் மைக்செட் அண்ணாச்சி வந்து வேப்பமரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார். சிறுவனாயிருந்தபோது ஒருநாள், "அண்ணாச்சி, இது எத்தனை வாட்?" என்று கேட்டேன். "முப்பது வாட்டுதாம்ல" என்றார். முப்பது வாட் அடுத்த ஊர்வரை கேட்டது. தில்லியில் எங்கள் அறையிலோ நூறு வாட் பின்வரிசைக்கு எட்டவில்லை. இதன் மருமம் என்ன?

வாட் என்பது ஸ்பீக்கருக்குள் போகும் மின்திறன், வெளிவரும் ஒலியன்று. உள்ளே போவதில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். வீட்டு ஸ்பீக்கரில் ஒலியாவது நூற்றில் ஒரு பங்கு அளவே. இத்திறமையை 'உணர்திறன்' என்னும் எண்ணால் குறிக்கின்றனர். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி என்பதே அவ்வெண். வீட்டு ஸ்பீக்கர்களில் இது பொதுவாக 84 முதல் 92 வரை இருக்கும். அண்ணாச்சியின் கூம்போ அதே ஒரு வாட்டுக்கு 105 டெசிபெல்லுக்கு மேல் தரும். ரகசியம் பெருக்கியில் இல்லை, கூம்பில் இருக்கிறது.

டெசிபெல் கணக்கில் மூன்று செய்திகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஒன்று: மின்திறனை இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல் கூடும்.

இரண்டு: நம் செவிக்கு ஒலி 'இரு மடங்காயிற்று' என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட் செலவிட வேண்டும்.

மூன்று: திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்களின் எதிரொலிப்பு சற்று ஈடுசெய்யும். ஆயினும் கணக்குப் போடும்போது இதையே கொள்வது பாதுகாப்பு.

இனி நம் சங்க அறையை அளப்போம். திரையின் பக்கத்திலுள்ள ஸ்பீக்கரிலிருந்து நடுவரிசை 4 மீட்டர். ஒரு மீட்டரிலிருந்து நான்கு மீட்டருக்குத் தொலைவு இருமுறை இரட்டிக்கிறது. இழப்பு 12 டெசிபெல். பெரியவரின் ஸ்பீக்கரின் உணர்திறன் 87. ஆகவே ஒரே ஒரு வாட் கொடுத்தால் நடுவரிசையில் 75 டெசிபெல் கிட்டும். உரையாடலைத் தெளிவாகக் கேட்க அதுவே தாராளம். ஆம், தோழர்களே! படத்தின் பெரும்பகுதி நேரமும் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரு வாட் அளவிலேயே ஓடுகிறது.

பின் நூறு வாட் எதற்கு? உச்சங்களுக்காக. இடி இடிக்கும், பறை அதிரும், கதவு அறைபடும். அவை சராசரிக்கு மேல் 20 டெசிபெல் எழும். திரையரங்குகளுக்கு வகுத்த அளவின்படி முதன்மை ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் பார்வையாளர் இருக்கையில் 105 டெசிபெல் உச்சம் வரை தர வேண்டும். வீட்டிலும் விடுதியிலும் அதற்குப் பத்து டெசிபெல் குறைவாக, 95 டெசிபெல் உச்சம் போதும். அதற்கு மேற்போனால் விடுதிக் காப்பாளர் வந்துவிடுவார்! ஒரு வாட்டுக்கு 75 என்றால் 95க்கு இன்னும் 20 டெசிபெல் வேண்டும். 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு. ஆகவே 100 வாட்.

இப்பொழுது ஸ்பீக்கரை மாற்றிப் பார்ப்போம். அதே அறை, அதே நடுவரிசை, அதே 95 டெசிபெல் உச்சம்:

உணர்திறன் 84 என்றால் வேண்டுவது 200 வாட்.
உணர்திறன் 87 என்றால் வேண்டுவது 100 வாட்.
உணர்திறன் 90 என்றால் வேண்டுவது 50 வாட்.
உணர்திறன் 93 என்றால் வேண்டுவது 25 வாட்.

பார்த்தீர்களா? மூன்று டெசிபெல் நல்ல ஸ்பீக்கர் வாங்குவதும், பெருக்கியை இரட்டிப்பதும் ஒன்றே. கடைக்காரர் பெருக்கியின் வாட்டை உரக்கச் சொல்வார்; ஸ்பீக்கரின் டெசிபெல்லை நாமே கேட்க வேண்டும்.

கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. சிலர் ஒரு வாட்டுக்கு அளக்காமல் 2.83 வோல்ட்டுக்கு அளந்து எழுதுவர். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் ஒரு வாட்தான். 4 ஓம் ஸ்பீக்கரிலோ அது இரண்டு வாட். அங்கே 3 டெசிபெல் இனாமாக ஏறிவிடும். ஓமையும் டெசிபெல்லையும் சேர்த்தே படியுங்கள்.

மூன்றாம் பொருத்தம்: மெய்யான வாட்

நம் ரிசீவரின் அட்டைப்பெட்டியில் '135 வாட்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. உள்ளேயிருந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் '70 வாட்' என்று இருக்கிறது. இரண்டும் பொய்யல்ல, அளந்த முறைதான் வேறு. 135 என்பது 6 ஓம் சுமையில், 1000 ஹெர்ட்ஸ் என்னும் ஒற்றை அதிர்வெண்ணில், ஒரே ஒரு பெருக்கியை மட்டும் ஓட்டி, 10 விழுக்காடு திரிபை அனுமதித்து அளந்தது. 70 என்பது 8 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரு பெருக்கிகளை ஓட்டி, திரிபு 0.1 விழுக்காட்டுக்கும் குறைவாயிருக்க அளந்தது. பத்து விழுக்காடு திரிபுள்ள ஒலி செவிக்குக் கரகரப்பது. அதை வாட் என்று கணக்கிடுவது, உமியையும் சேர்த்து நெல் நிறுப்பது போன்றது.

அன்றியும், ஐந்து பெருக்கிகளுக்கும் மின்சாரம் தரும் மின்மாற்றி ஒன்றே. ஐந்தும் ஒருசேர உழைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிட்டும் பங்கு இன்னும் குறையும். நல்ல வேளையாக, படங்களில் ஐந்தும் ஒரே கணத்தில் உச்சத்தை எட்டுவது அரிது.

இந்த எண் விளையாட்டைக் கண்டே அமெரிக்க வணிக ஆணையம் 1974இல் பெருக்கிகளின் வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி வகுத்தது. 2024இல் அதைத் திருத்தி, 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், ஒரு விழுக்காட்டுக்குக் குறைந்த திரிபு என்று ஒரே அளவுகோலை நிறுவிற்று. லஜ்பத்ராய் மார்க்கெட்டில் பேரம் பேசும் நமக்கு அவ்விதி துணைவராது. ஆயினும் அவ்வளவுகோல் நம் கையிலும் இருக்கலாம். "எத்தனை ஓமில்? எந்த அதிர்வெண்களில்? எத்தனை பெருக்கி ஓட்டி? எவ்வளவு திரிபில்?" என்ற நான்கு வினாக்களைக் கேளுங்கள். 'பி.எம்.பி.ஓ.' என்று விடை வந்தால் வணக்கம் சொல்லி அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.

ட்வீட்டர் எரிந்தது ஏன்?

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம்.

ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் குறைந்தது இருவர் குடியிருக்கின்றனர். பெரிய கூம்பாகிய வூஃபர் தாழ்ந்த ஒலிகளையும், சிறு குமிழாகிய ட்வீட்டர் உயர்ந்த ஒலிகளையும் எழுப்புகின்றன. இருவருக்கும் வேலையைப் பிரித்துத் தரும் சுற்றுக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். பெரும்பாலும் 2000, 3000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை ட்வீட்டருக்குப் போகும். 'ச', 'ஸ' ஆகிய உரசொலிகளின் உயிர் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே இருக்கிறது. ட்வீட்டர் இறந்தால் அவ்வெழுத்துக்களும் இறக்கும்.

ட்வீட்டரின் சுருள் தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியால் ஆனது. இடைவிடாமல் சில வாட் வெப்பத்துக்கு மேல் அது தாங்காது. 'அப்படியானால் 100 வாட் என்று எப்படி எழுதினார்கள்?' என்று கேட்கலாம். பாட்டிலும் பேச்சிலும் ஆற்றலின் பெரும்பங்கு தாழ்ந்த ஒலிகளிலேயே இருக்கிறது. நூறு வாட்டில் ட்வீட்டருக்குப் போவது சிறு பங்கே. இயல்பான ஒலிக்கு அந்த 100 உண்மை.

பெருக்கியைத் தன் வரம்புக்கு மேல் விரட்டினால் என்ன ஆகும்? 24 வோல்ட் பெட்டி 24 வோல்ட்டுக்கு மேல் எழ முடியாது. அலையின் முகடுகள், கத்தியால் சீவியதுபோல், தட்டையாக வெட்டப்படும். வளைந்த அலை சதுர அலையை நெருங்கும். இதனால் மூன்று தீங்குகள் விளைகின்றன. முதலாவது, ஒரே உச்சம் கொண்ட சதுர அலையின் திறன் சைன் அலையின் திறனைப்போல் இரு மடங்கு. 48 வாட் என்று நினைத்த பெட்டி அதற்கு மேலும் தள்ள முயலும். இரண்டாவது, வெட்டுண்ட விளிம்புகளிலிருந்து மூல ஒலியில் இல்லாத உயர் அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கும். அவை நேரே ட்வீட்டரிடம் போகும். மூன்றாவது, தாழ்ந்த ஒலிகளின் தலை வெட்டுண்டு நிற்க, அவற்றினும் சிறியவையான உயர்ந்த ஒலிகள் திருகைத் திருப்பத் திருப்ப வளர்ந்துகொண்டே போகும். போதாக்குறைக்கு 'டிரெபிள்' திருகையும் முழுதும் திருப்பியிருந்தேன். சில வாட் மட்டுமே தாங்கும் ட்வீட்டருக்குப் பத்துக்கணக்கான வாட் இருபது நிமிடம் விடாமல் சென்றது. சுருள் உருகி அறுந்தது.

ஆகவே எரித்தது வாட் மிகுதி அன்று. வாட் குறைவும், அதை மறைக்க நான் செய்த பேராசையுமே. 150 வாட் மெய்யான பெருக்கியை அளவோடு திருப்பியிருந்தால் அந்த ட்வீட்டர் இன்றும் பாடிக்கொண்டிருக்கும். பெரிய பெருக்கி ஸ்பீக்கரைக் கொல்லவே கொல்லாது என்று சொல்லவில்லை. அளவு மீறினால் அதுவும் கொல்லும். ஆனால் ஒலி கரகரக்கத் தொடங்கும் அந்தக் கணமே 'குறை' என்று பெருக்கி கெஞ்சுகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். அன்று அக்கெஞ்சலை நான் 'நல்ல சத்தம்' என்று எண்ணினேன்.

சிறு பொருத்தங்கள் சில

சப்வூஃபர்: வீட்டுத் திரையரங்கின் சப்வூஃபர்களில் பெரும்பாலானவை தமக்கென்று தனிப் பெருக்கி உடையவை. ரிசீவரின் அமைப்பில் எல்லா ஸ்பீக்கர்களையும் 'ஸ்மால்' என்று குறித்து, எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்தால், அதற்குக் கீழ்ப்பட்ட கனத்த ஒலிகள் சப்வூஃபருக்குப் போய்விடும். ரிசீவரின் பாரம் குறையும். 'ஸ்மால்' என்பது ஸ்பீக்கரை இழிவுபடுத்தும் சொல்லன்று, வேலைப் பங்கீடு.

கம்பி: 10 மீட்டர் தொலைவுக்குப் போகவர 20 மீட்டர் கம்பி. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் தடை ஏறத்தாழ 0.46 ஓம், 2.5 சதுர மில்லிமீட்டரானால் 0.14 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னது ஆறு விழுக்காடு தண்டம். பின்னது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. வீட்டு மின்கம்பிக் கடையில் கிடைக்கும் நல்ல செம்புக் கம்பியே போதும், பொன்முலாம் வேண்டாம்.

முனை: சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறிவிட்டால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஐயமிருந்தால் 1.5 வோல்ட் பாட்டரியின் நேர்முனையைச் சிவப்பிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். வூஃபர் முன்னே வந்தால் சரி.

அண்ணாச்சியின் செட்: ஊர் மைக்செட்டுகளில் '100 வோல்ட் லைன்' என்று ஒரு முனை உண்டு. நெடுந்தொலைவுக்குக் கம்பி இழுக்க ஏற்பட்டது அது. அங்கே ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு மின்மாற்றி இருக்கும். வீட்டு ஸ்பீக்கரை நேரே அம்முனையில் மாட்டினால் அக்கணமே சாம்பல்.

சங்கம் செய்ய வேண்டியது

இத்தனையும் சொன்னபின் என் கருத்தைச் செயற்குழுவின் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஆயிரம் வாட் பெருக்கி நமக்கு வேண்டாம். 70 வாட்டிலிருந்து 1000 வாட்டுக்குப் போனாலும் ஏறுவது 11.5 டெசிபெல், செவிக்கு இரு மடங்கைச் சற்றே தாண்டும். அதைத் தாங்கும் ஸ்பீக்கரும் நம்மிடம் இல்லை. தாங்கும் அறையும் இல்லை.

இரண்டாவது, நம் பழைய ரிசீவர் நலமாக இருக்கிறது. அதன் மெய்யான 70 வாட்டுக்கு 87 டெசிபெல் ஸ்பீக்கர் சற்றே போதாது. 90 டெசிபெல் ஸ்பீக்கர் தாராளம். ஆகவே 8 ஓம், 90 டெசிபெல்லுக்குக் குறையாத முன்புற ஸ்பீக்கர் மூன்றையும், தனிப் பெருக்கியுள்ள சப்வூஃபர் ஒன்றையும் வாங்குவோம். மூன்றும் ஒரே வகையாயிருந்தால் குரல் இடம் மாறும்போது நிறம் மாறாது.

மூன்றாவது, ரிசீவரின் அமைப்பிலேயே ஒலிக்கு மேல்வரம்பு குறிக்க இடமுண்டு. அதைக் குறித்துவிடுவோம். 'ஒரு முனைக்கு ஒரு ஸ்பீக்கர்' என்று எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டுவோம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர்ச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பெரியவரின் ஸ்பீக்கர்களைத் திறந்து, ட்வீட்டரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். நல்லதாயின் நாலைந்து ஓம் காட்டியிருக்கும். இரண்டுமே ஒன்றும் காட்டவில்லை. வூஃபர்கள் பழுதின்றி இருக்கின்றன. அதே ஓம், அதே அளவு, அதே உணர்திறன் உள்ள ட்வீட்டர் இரண்டைத் தேடி மாட்டிவிட்டால் ஸ்பீக்கர்கள் பிழைத்துவிடும். அந்தச் செலவைச் சங்கத்தின் பணத்தில் கை வைக்காமல் என் உதவித்தொகையிலிருந்து செய்கிறேன். பிழை என்னுடையது. சங்கத்திடம் நான் வேண்டுவது ஒன்றே: அவை சீராகும் வரை புதிய ஸ்பீக்கர் எதையும் அறைக்குள் கொண்டுவராதிருப்போம். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தருமுன் புதுப்பொருள் வாங்குவது நமக்கு அழகன்று.

அடுத்த பொங்கலுக்கு மீண்டும் படம் காட்டுவோம். பெரியவரை நடுவரிசையில், ஸ்பீக்கரிலிருந்து சரியாக நான்கு மீட்டரில், அமர்த்துவோம். கதாநாயகி "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும்போது அந்தச் சகரம் அவர் காதில் தெளிவாக விழ வேண்டும். அதற்கு ஆயிரம் வாட் வேண்டாம், தோழர்களே. ஒரு வாட்டும் சிறிது கணக்கும் போதும்.